பரங்கிமலையை வரைய க்யூஜிஐஎஸ் போதுமா?

பரங்கிமலையை இரண்டு துறைக்காரர்கள் சொந்தம் கொண்டாடலாம். 1802ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது போட்ட முதல் அடிக்கோட்டின் (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோடு) ஒரு முனை இந்த மலைப் பக்கம், மறுமுனை பெரும்பாக்கம் குன்றுப் பக்கம். இடையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர், சங்கிலி போட்டே அளந்தார்கள். 1893ல் தாமஸ் ஹாலண்ட் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்த பாறைக்கு மூல இடமும் இதே பரங்கிமலை, பல்லாவரம் பகுதிதான். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடந்த கல்லின் பெயர் நம்மூர் மலைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.) ஜியாலஜியும் ஜிஐஎஸ்ஸும் (கணினியில் வரைபடம் போட்டு அலசும் முறை) சேர்த்துப் படிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிக் களம் இல்லை. கிண்டியிலிருந்து பேருந்தில் போய்விடலாம்.

அந்தப் படிப்புக்குப் பெரும்பாலோர் லேப்டாப்பில் ஏற்றும் மென்பொருள் க்யூஜிஐஎஸ். 2002ல் கேரி ஷெர்மன் தொடங்கியது. காசு கிடையாது, லைசென்ஸ் சாவி கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதற்குப் போட்டியான, காசு கொடுத்து வாங்கும் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ விண்டோஸில் மட்டும்தான். கல்லூரி ஆய்வகத்தில் அதன் முன்னோடியான ஆர்க்மேப்பில் பழகியவர்கள் எப்படியும் இடம் மாற வேண்டியிருக்கிறது, அதற்கான ஆதரவை 2026 மார்ச்சோடு முடிப்பதாகத் தயாரிப்பாளரே அறிவித்துவிட்டார். ஆகவே 'எதை வாங்கலாம்' என்ற கேள்வி இங்கே இல்லை. இலவசமாகக் கிடைப்பது ஜியாலஜி மாணவருக்கு எதுவரை துணை வரும், எங்கே கைவிடும் என்பதுதான் கேள்வி.

இறக்கும்போது புதிய பதிப்பை விட்டுவிட்டு 'நீண்டகால ஆதரவு' என்று போட்டிருப்பதை எடுங்கள். புதியதில் சில ப்ளகின்கள் வேலை செய்யாமல் போவது வழக்கம், ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் வாரத்தில் அது தெரியவரும். 8 ஜிபி ரேம் இருந்தால் இளநிலை, முதுநிலை வேலைகளுக்குத் தாராளம். வேலைக் கோப்புறையை 'டி' டிரைவில் குட்டைப் பெயரில் வையுங்கள். பெயரில் இடைவெளியோ தமிழெழுத்தோ இருந்தால் க்யூஜிஐஎஸ் சமாளித்துவிடும், அதனுள் ஓடும் கிராஸ் என்ற துணை மென்பொருளின் கருவிகள் சில சமயம் முரண்டு பிடிக்கும்.

முதல் வேலை டோப்போ ஷீட்டை (சர்வே ஆஃப் இந்தியாவின் நில வரைபடத் தாள்) ஸ்கேன் செய்து, அட்ச, தீர்க்க எண்கள் கொடுத்து அதற்குரிய இடத்தில் உட்கார வைப்பது, அதாவது ஜியோரெஃபரன்ஸ் செய்வது. பரங்கிமலை 13 டிகிரி அட்சக்கோட்டை ஒட்டி நிற்கிறது. அதனால் மலையையும் பல்லாவரத்தையும் சேர்த்து வரைய 66 சி/4, 66 டி/1 என இரண்டு ஷீட் வேண்டும். 1:50,000 ஷீட் ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம், அதில் 5 நிமிடக் கோடுகள் வெட்டும் புள்ளிகள் 16. நான்கு மூலையோடு நிறுத்தாமல் பதினாறையும் கொடுங்கள். மடித்து வைத்த தாளாக இருந்தால் நடுப்பகுதி சுருங்கியிருக்கும், மூலைகள் அதைக் காட்டிக்கொடுக்காது. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் தரையில் 4.2 மீட்டர். சராசரிப் பிழை மூன்று பிக்சலுக்குள், அதாவது ஏறக்குறைய 13 மீட்டருக்குள் வந்தால் இந்த அளவு வரைபடத்துக்குப் போதும். அதற்கு மேல் போனால் கணக்கு முறையை மாற்றிப் பார்க்கும் முன் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பெரும்பாலும் யாராவது 13 டிகிரி 5 நிமிடத்தை 13.05 என்று அடித்திருப்பார்கள். அது உண்மையில் 13.0833. இரண்டுக்கும் வித்தியாசம் 2 நிமிடம், தரையில் 3.7 கிலோமீட்டர்!

இன்னொரு தவறு இவ்வளவு பளிச்சென்று தெரியாது. பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்வட்டத்தில் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கு) வரைந்தவை. அவற்றின் அட்ச, தீர்க்க எண்களை நேராக டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் கணக்கு) என்று எடுத்துக்கொண்டால் படம் அழகாகத்தான் வரும். ஆனால் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் சாலைகளும் ஏரிக்கரைகளும் நூறு மீட்டருக்கும் மேல் ஒதுங்கி நிற்கும். பலர் அதைக் கையால் இழுத்து ஒட்டவைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஜியோரெஃபரன்ஸ் செய்யும்போதே கல்யாண்பூர் 1975 என்பதைத் தேர்ந்து (மென்பொருளில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 4146), பிறகு மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் மண்டலம் 44 வடக்குக்கு (இபிஎஸ்ஜி 32644) மாற்றுங்கள். 78 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு மேற்கே, கோயம்புத்தூர்ப் பக்கம் களப்பணி என்றால் மண்டலம் 43, எண் 32643. சர்வே ஆஃப் இந்தியாவின் புதிய ஓப்பன் சீரீஸ் ஷீட்டுகள் டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம்மிலேயே வருவதால் இந்தத் தலைவலி இல்லை.

பாறை எல்லைகளை வரைவதில்தான் க்யூஜிஐஎஸ் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் பாலிகன் (மூடிய பரப்பு) வரைபவர்களுக்கு அல்ல. சார்னோகைட்டுக்கு ஒரு பாலிகன், பக்கத்து வண்டலுக்கு இன்னொன்று என்று வரைந்தால் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளியும் மேற்கவிவும் வந்தே தீரும். ஜியாலஜியில் நாம் களத்தில் பார்ப்பது எல்லைக் கோட்டைத்தான், பரப்பு அதிலிருந்து பிறப்பது. கணினியிலும் அதே வரிசையில் போங்கள். எல்லைகளைக் கோடுகளாக வரையுங்கள். 'நேரில் கண்டது', 'ஊகித்தது', 'மூடிக்கிடப்பது' என்று ஒரு புலத்தில் (அட்டவணைப் பத்தியில்) குறியுங்கள். ஸ்னாப்பிங் (கோட்டு முனை பக்கத்துக் கோட்டில் தானாக ஒட்டும் வசதி) 10 பிக்சல் அளவில் இருக்கட்டும். வரைந்த கோடுகளை வெட்டும் இடங்களில் எல்லாம் உடைத்துவிட்டு, கோடுகளைப் பரப்பாக்கும் 'பாலிகனைஸ்' கருவியைக் கொடுங்கள். உடைக்காமல் கொடுத்தால் பாதிப் பரப்புகள் காணாமல் போகும். காரணம், அந்தக் கருவி கோட்டு முனைகள் சந்திக்கும் இடத்தை மட்டும்தான் மூலையாக எடுத்துக்கொள்கிறது. பாறைப் பெயர்களைத் தனிப் புள்ளி அடுக்கில் வைத்துப் பரப்புகளோடு இணைத்துவிட்டால், எல்லையைத் திருத்தும்போதெல்லாம் பெயர்களை மறுபடி அடிக்க வேண்டியதில்லை.

சேமிப்பது ஜியோபேக்கேஜ் கோப்பில். பழைய ஷேப்ஃபைல் வடிவம் தமிழுக்கு ஆகாது. அதில் புலப் பெயருக்கு 10 பைட்டுதான் இடம், யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'மேற்கு' என்ற சொல்லே 18 பைட், வெட்டுப்பட்டுப் போகும்.

ஸ்டிரைக் (பாறைப் படுகை ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்) குறிகள் இந்த மென்பொருளின் பலவீனமான இடம். நிறுவியதும் கையில் கிடைப்பது நகர வரைபடக்காரர்களுக்கான சின்னங்கள். ஜியாலஜிக் குறிகளை எஸ்விஜி கோப்பாக நாமே சேர்க்க வேண்டும். ஒரே ஒரு குறியை வரைந்துகொண்டால் போதும். ஸ்டிரைக் கோடு வடக்கு நோக்கி, டிப் துண்டு வலப்பக்கம், அதாவது கிழக்கே. சுழற்சியை ஸ்டிரைக் புலத்தோடு கட்டிவிட்டால் மற்றது தானாக நடக்கும், அளவீடுகள் எல்லாம் வலக்கை விதிப்படி (ஸ்டிரைக் திசையைப் பார்த்து நின்றால் டிப் வலப்பக்கம்) இருந்தால். ஒரு குழுவில் பாதிப் பேர் வலக்கை விதியிலும் பாதிப் பேர் டிப் திசையிலும் எழுதி வந்தால் டிப் திசையில் எழுதியவர்களின் குறிகள் 90 டிகிரி திரும்பி நிற்கும், மென்பொருள் வாயைத் திறக்காது. வடக்கும் காந்த வடக்கும் விலகும் கோணத்தைப் பற்றி சென்னையில் அவ்வளவு கவலை வேண்டாம். இரண்டு டிகிரிக்குள்தான் வரும், முதலாண்டு மாணவரின் கை நடுக்கம் அதைவிட அதிகம்.

களத்துக்குப் போனில் க்யூஃபீல்டு எடுத்துப் போகலாம். ப்ராஜெக்ட் அப்படியே போனில் திறக்கும், இணையம் இல்லாமலும் ஓடும். இடம், புகைப்படம், பாறை விவரம் பதிவு செய்ய நல்ல துணை. ஆனால் போனின் திசைகாட்டியை ஸ்டிரைக் அளக்க நம்பாதீர்கள். சார்னோகைட்டில் மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் உண்டு, குவாரி ஓரத்தில் இரும்பு வேலியும் லாரியும் நிற்கும். கையில் பிடிக்கும் பிரண்டன் காம்பஸும் இதற்கு விலக்கல்ல. ஆனால் அதில் முள் தடுமாறுவது கண்ணுக்குத் தெரியும். போனோ, தவறான எண்ணையும் அரை டிகிரி துல்லியத்தில் காட்டும்.

உயர மாதிரி வைத்துச் சரிவு கணக்கிடுபவர்கள் அநேகமாக ஒருமுறையாவது இதில் விழுவார்கள்: எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து அளந்த உயரத் தரவு) கோப்பை இறக்கி, அப்படியே 'ஸ்லோப்' கொடுத்தால் வேளச்சேரி முதல் வண்டலூர் வரை எல்லாமே 90 டிகிரிச் செங்குத்து. கோப்பில் தூரம் டிகிரியில், உயரம் மீட்டரில் இருப்பதுதான் காரணம். முதலில் மீட்டரில் அளக்கும் 32644க்கு வார்ப் செய்யுங்கள், அதாவது மாற்றுங்கள், செல் 30 மீட்டர், ரீசாம்ப்ளிங் பைலினியர். இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் கார்ட்டோடெம் உயர மாதிரிக்கும் இதே நடைமுறை.

ஹில்ஷேடில் (மேடு பள்ளத்தை நிழலால் காட்டும் படம்) ஒளி 315 டிகிரியிலிருந்து விழுவதாக வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் பார்த்து லீனியமென்ட் (தரையில் தெரியும் நீளக் கோட்டமைப்பு) வரைந்தால் வடகிழக்கு, தென்மேற்காக ஓடுபவை துருத்தித் தெரியும், வெளிச்சத்தோடு இணையாக ஓடும் வடமேற்குக் கோடுகள் மறைந்துவிடும். திசைகளைத் தொகுத்துக் காட்டும் ரோஸ் வரைபடத்தில் அதுவே 'முதன்மைத் திசை' ஆகிவிடும். பாறை சொன்னது அல்ல, விளக்கு சொன்னது! 0, 45, 90, 135 என்று நான்கு திசையிலும் போட்டுப் பாருங்கள். சென்னைக்குள் லீனியமென்ட் தேடவே வேண்டாம். எஸ்ஆர்டிஎம் தரையை மட்டும் அளக்கவில்லை, கட்டடத்தையும் மரத்தையும் சேர்த்து அளந்தது. தானியங்கிக் கருவிகள் செயற்கைக்கோள் படத்திலிருந்து மிக நேர்த்தியாக எடுத்துக்கொடுக்கும் கோடு தாம்பரம் ரயில் பாதையாக இருக்கும்.

செயற்கைக்கோள் படத்தின் பாண்ட் (ஒளி அலைவரிசை) விகிதங்களுக்கு, படத்தின் எண்களைக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டர் போதுமானது. லேண்ட்சாட் 8ல் 4/2 இரும்பு ஆக்சைடுக்கு, 6/7 களிமண் கனிமங்களுக்கு. இரண்டாம் நிலை (வளிமண்டலத் திருத்தம் செய்த) படங்களில் உள்ள எண்களை அப்படியே வகுக்கக் கூடாது. முதலில் 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். அந்தக் கழித்தல் இருப்பதால்தான் மூல எண்களின் விகிதம் தப்பாகும். 4/2ஐ செங்குன்றம் பக்கத்துச் செம்புரைப் பாறையில் சோதிக்கலாம், பெயரே விடையைச் சொல்லிவிடும். செங்கல் சூளையும் ஓட்டு வீடும் அதே நிறத்தில் எரியும் என்பதை நினைவில் வையுங்கள். 6/7க்கு எதிரி பசுமை. இலையில் உள்ள நீரும் ஏழாம் பாண்டை உறிஞ்சுவதால் வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரிப் படத்தில் வயலெல்லாம் களிமண் கனிமமாகத் தெரியும். ஏப்ரல், மே படமாக எடுங்கள், மிச்சப் பசுமையை என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டை வைத்து மறைத்துவிடுங்கள். ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவியின் படம் தேடுபவர்கள் 2008 ஏப்ரலுக்கு முந்தையதாகப் பார்க்க வேண்டும். அதன்பின் அதன் குறு அகச்சிவப்புப் பகுதி பயன்படாது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளம் இதற்கெல்லாம் நல்ல ஜோடி. பதிவு செய்துகொண்டால் 1:50,000 பாறை வரைபடங்கள் க்யூஜிஐஎஸ்ஸில் நேரே திறக்கும் கோப்பாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மெல்லியதாகவே நிற்பது கண்ணை ஏமாற்றும். அதை வைத்து ஒரு வீட்டு மனையில் போர் போட இடம் சொல்வது விளையாட்டல்ல.

நிலத்துக்குக் கீழே போக வேண்டும் என்றால் க்யூஜிஐஎஸ் பாதியில் இறங்கிக்கொள்ளும். 3.26 பதிப்பிலிருந்து உயர வெட்டுமுகம் உள்ளேயே வருகிறது, நில மேற்பரப்பின் கோட்டை அது ஒழுங்காகத் தரும். அதற்குக் கீழே பாறைப் படுகை எப்படிச் சாய்கிறது என்பதை நீங்கள்தான் வரைய வேண்டும். வெட்டுமுகம் ஸ்டிரைக்குக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் அந்த வெட்டில் தெரியும் தோற்றச் சாய்வைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். செங்குத்து அளவைப் பெரிதாக்கியிருந்தால் சாய்வும் அதற்கேற்ப மாறும். 40 டிகிரி டிப்பை மூன்று மடங்கு பெரிதாக்கிய படத்தில் 40 என்றே வரைவதை வாய்மொழித் தேர்வில் முதலில் பிடித்துவிடுவார்கள், அங்கே அது 68 டிகிரி. போர்வெல் பதிவுகளை வைத்து முப்பரிமாண மாதிரி கட்ட வேண்டுமென்றால் ஜெம்பை போன்ற தனிக் கருவிக்குப் போங்கள். அதற்குக் கொடுக்க வேண்டிய எல்லைக் கோடுகளையும் டிப் புள்ளிகளையும் தயாரிக்க மறுபடி க்யூஜிஐஎஸ்தான்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். குறைந்த ஒன்று குறிகளுக்கும் வெட்டுமுகத்துக்கும். முதல் பருவத்தில் டிரேசிங் தாளும் பென்சிலும் வைத்து ஒரு ஷீட்டாவது முழுதாக வரைந்தவர் இதைத் திறந்தால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். நேரே திறப்பவர்கள் அநேகமாக பாலிகனில் தொடங்குவார்கள்.