ஏர்மாட் மணிவாரி உமிழ்வுக் கோப்பு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடந்த வாரம் தென்காசியிலிருந்து ஓர் இளைய நண்பர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணாச்சி, அரிசி ஆலைப் புகைபோக்கிக்கு வருசம் முழுக்க ஒரே உமிழ்வு அளவைக் கொடுத்தால் போதுமா, மணிக்கு மணி கோப்பு தயாரிக்கணுமா?" என்று கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்து ஆலைகளுக்காக ஆறு ஆண்டுகளாக ஏர்மாட் என்ற காற்று மாசு மாதிரியை (புகை எங்கே, எவ்வளவு செறிவில் பரவும் என்று கணக்கிடும் கணினி நிரல்) ஓட்டிவருகிறேன் என்பதால் பதிலை எழுதியே தருவதாகச் சொன்னேன். அவர் அழைத்த அன்று காலையில்தான் அதே மணிவாரிக் கோப்பினால், அதாவது புகைபோக்கி ஒவ்வொரு மணியும் உமிழ்ந்ததை வரிவரியாக மாதிரிக்குச் சொல்லும் கோப்பினால், நேர்ந்த ஒரு பெரிய பிழையைத் திருத்தி முடித்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கோப்பு எனக்குத் தந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஆலையின் கொதிகலன் அறுவடையை ஒட்டி எரியும், மற்ற மாதங்களில் அடங்கியிருக்கும். நாளுக்குள்ளும் அப்படித்தான். நெல்லை முந்தின நாள் தொட்டியில் ஊறப்போட்டு, களத்தில் வெயில் ஏறுவதற்குள் அவித்துக் கொட்டிவிட வேண்டும் என்பதால், நான் பார்த்த ஆலையில் உமி எரிவது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். இந்தப் புகையை ஒரே சராசரியாக்கி ஆண்டின் 8760 மணிக்கும் பரப்பினால், அதில் பெரும்பங்கு வெயில் காய்ந்து காற்று நன்றாகக் கலக்கும் நண்பகலுக்குப் போய்விடும். உண்மையில் அது வெளியேறுவது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து படிந்துகிடக்கும் நேரத்தில். உயரம் குறைந்த புகைபோக்கிக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. மணிவாரிக் கோப்பை முதன்முதலில் கொடுத்து ஓட்டியபோது, ஆலைக்கு அருகிலிருக்கும் குடியிருப்பில் மக்கள் பல காலமாகச் சொல்லிவந்த விடியற்காலைப் புகை வரைபடத்தில் தெரிந்தது. அந்த நாளை நான் மறக்கவில்லை.

அதைவிட எதிர்பாராதது இன்னொன்று. ஒவ்வொரு வரியிலும் உமிழ்வு வீதத்தோடு வாயுவின் வெப்பநிலையும் வெளியேறும் வேகமும் சேர்ந்தே வருகின்றன. அடுப்பு பற்றவைத்த முதல் மணியில் புகையின் அளவு குறைவாக இருக்கலாம். ஆனால் வாயு சூடேறாமலும் வேகமின்றியும் வெளிவருவதால், அது உயர எழும்பாமல் பக்கத்திலேயே இறங்குகிறது. உமிழ்வு பாதியானால் தரைமட்டச் செறிவும் பாதியாகும் என்று நம்பியிருந்த எனக்கு அந்தக் கோப்பு சொல்லிக்கொடுத்த பாடம் இது.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். கோப்பில் ஒரு மணியின் மதிப்புகள் வெறுமையாக இருந்தால், ஏர்மாட் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு ஓடிமுடிக்கிறது. கூடவே கொடுக்கும் வானிலைக் கோப்பின் தேதி வரிசையோடு ஒரு மணி பிசகினாலும் பிழை காட்டி நின்றுவிடும் ஏர்மாட், ஆலையில் அடுப்பே எரியவில்லை என்று வைத்துக்கொள்வதற்கு மட்டும் தயங்குவதில்லை. அண்மையில் ஓர் ஆலையின் பதிவேட்டில் மார்ச் மாதத்துப் பிசான அறுவடை உச்சத்தில் பல நாட்கள் எழுதப்படாமல் விடுபட்டிருந்தன. ஆலை ஓயாமல் ஓடியதால்தான் எழுத ஆளில்லை. என் கோப்பில் அந்த நாட்கள் வெறும் கட்டங்களாகின, மாதிரியில் சுழியமாகின. பிஎம்10 (10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்) செறிவு, நாள் சராசரி வரம்பான கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு வெகு கீழே அழகாக வந்து நின்றது. அறிக்கை தட்டச்சாகிவிட்டது. அதிகச் செறிவு கண்ட நாட்களின் பட்டியலில் மார்ச் மாதத்து நாள் ஒன்றுகூட இல்லையே என்ற உறுத்தலால் மட்டுமே பிழை பிடிபட்டது. வெறுமைக்குச் சுழியம் என்பது கையேட்டில் எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே மாதிரியை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அளக்காததை இல்லாததாக்கும் ஒரு விதியை, மக்கள் மூச்சுவிடும் காற்றைக் கணக்கிடும் கருவியில் என்னால் ஏற்க முடியவில்லை.

தயாரிப்பில் மற்ற இடறல்கள் பழகிவிட்டன. அளவீட்டில் வரும் மில்லிகிராமை நொடிக்குக் கிராமாக்க வேண்டும்: மணிக்கு 10,000 இயல்பு கனமீட்டர் (பொதுவான வெப்பநிலை, அழுத்தத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட கனமீட்டர்) வாயு வெளியேறி, ஒவ்வொரு கனமீட்டரிலும் 150 மில்லிகிராம் இருந்தால் நொடிக்கு 0.417 கிராம். வெப்பநிலையைக் கெல்வினில் தர வேண்டும். 140 பாகை செல்சியஸை 413 ஆக்காமல் அப்படியே எழுதினால், மாதிரியில் புகை பனிக்கட்டியைவிடக் குளிர்ந்ததாகிவிடும். மணி எண் 1 முதல் 24 வரை. முதல் மணி நள்ளிரவு முதல் ஒரு மணி வரை. நம் நாட்டுக்கு ஐந்தரை மணி நேர வேறுபாடு இருப்பதால், உலக நேரத்தில் மணிக்கொன்றாக வரும் வானிலைத் தரவு நம் கடிகாரத்தின் அரைமணியில் வந்து நிற்கும், ஆலையின் பதிவேடோ முழு மணியில் நிற்கும். விடியலில் அந்த அரைமணிக்குள் காற்றின் இயல்பே மாறிவிடுவதால் இதை அலட்சியம் செய்யக்கூடாது.

நண்பருக்கு என் பதில்: இவ்வளவு புகழ்ந்த பிறகும், மணிவாரிக் கோப்பு உங்களுக்கு வேண்டாம். அதற்குப் பதிலாக மாற்றுக் காரணிகளைக் கொடுங்கள், அதாவது ஓர் அடிப்படை உமிழ்வு அளவை நேரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் பெருக்கல் எண்களை. அதிலும் நான்கு பருவத்துக்கும் 24 மணிக்குமான 96 எண்களை எடுக்காதீர்கள். மாதிரியின் குளிர்காலம் பிப்ரவரியோடு முடிந்து மார்ச்சில் வசந்தம் தொடங்குவதால், நம் பிசான அறுவடை நடுவில் வெட்டுப்படும். மாதம், மணி, வேலைநாள், சனி, ஞாயிறு என்று பிரித்த 864 எண்களைக் கொதிகலன்காரரோடு உட்கார்ந்து நிரப்புங்கள். அதில் ஒரு கட்டம் விடுபட்டாலும் கண்ணுக்குத் தெரியும். நானோ, வெற்றுக் கட்டத்தைக் கண்டால் கோப்பையே எழுத மறுக்கும் ஒரு சிறு நிரலை இப்போது எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த பிசானத்துக்கு மணிவாரிக் கோப்பையேதான் தயாரிக்கப்போகிறேன்.