நெல் வயல் நீர்மட்டக் குழாய்: வாங்கலாமா?

டெல்டாவில் பம்புசெட்டை நம்பிக் குறுவை போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் எதுவரைக்கும் காயவிடலாம் என்பதில்தான் பயம். வயலில் லேசாக வெடிப்பு தெரிந்தாலே மோட்டாரைப் போட்டுவிடுகிறோம். அந்தப் பயத்துக்கு ஒரு அளவு கொடுக்கிறது இந்தக் குழாய். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது.

ஒரு அடி நீளப் பிவிசி குழாய், அடிப்பாதியில் சுற்றிலும் துளைகள், அவ்வளவுதான் சாமான். துளையுள்ள பாதி மண்ணுக்குள் போகும்படி இறக்கி, உள்ளே இருக்கிற மண்ணை அள்ளிவிட்டால் நிலத்துக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அது மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை மோட்டாரைத் தொட வேண்டாம், இறங்கியதும் வயலில் 5 செ.மீ. நிற்கிற அளவு கட்டினால் போதும். நட்டு இரண்டு வாரத்தில் ஆரம்பிக்கலாம். பூக்கும் சமயத்தில் மட்டும், முன்னே ஒரு வாரம் பின்னே ஒரு வாரம், காயவிடவே கூடாது.

வேலை செய்கிறதா என்றால், நன்றாகவே செய்கிறது. மேல்மண் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்ட பிறகும் குழாய்க்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால்தான் வேருக்கு ஈரம் இருக்கிறது என்று மனசு ஒப்புக்கொள்கிறது. இந்த 15 செ.மீ. கணக்கைத் தாண்டாத வரை மகசூல் குறையாது, தண்ணீர் 15 முதல் 30 சதவீதம் வரை மிச்சமாகும் என்கின்றன ஆய்வுகள். தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும் வயலில் காற்றுப் புகாத மண்ணிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்பும், பருவத்தில் பல முறை காயவிட்டால் அது ஏறக்குறைய பாதியாகிறது. ஆனால் யூரியாவைக் கண்டபடி போட்டால் அதேபோல் சூடேற்றும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கூடிவிடும், காய்ந்த மண்ணில் தூவிக் கையோடு தண்ணீர் கட்டிவிடுவது நல்லது.

குறைகளும் உண்டு. தண்ணீர் நிற்காவிட்டால் களை கூடும், கோனோவீடர் என்கிற களையெடுக்கும் கருவியை ஓட்ட ஆள் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிலம் சமமாக இல்லையென்றால் குழாய் காட்டுவது அது நிற்கிற இடத்து மட்டத்தை மட்டும்தான், அதனால் மேட்டிலும் வைக்காமல் பள்ளத்திலும் வைக்காமல் நடுத்தரமான இடமாகப் பாருங்கள். வரப்பை ஒட்டியும் வேண்டாம், நண்டு வளை வழியாகத் தண்ணீர் போகிற இடத்தில் அளவு தப்பாக வரும். அப்புறம், கடையில் அளவுக்கோடு போட்டு விற்கும் குழாயைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, வீட்டில் கிடக்கும் பழைய 4 அங்குலக் குழாயை வெட்டித் துளை போட்டாலும் இதே வேலையைச் செய்யும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மேட்டு வயல்காரர் தண்ணீரைத் தேக்கியே வைத்திருந்தால் கசிவு முழுக்க நம் வயலுக்கு வரும், குழாயில் மட்டம் இறங்கவே இறங்காது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் ஓடாத நேரம் யார் பையிலும் காசாகத் தெரியாது. மிச்சமாகும் தண்ணீரின் பலன் நிலத்தடியில்தான், அது ஊருக்கே பொது, ஒருவர் மட்டும் சேமித்தால் பக்கத்து போர்வெல் உறிஞ்சிக்கொள்ளும். கடலோரத்தில் உப்பு ஏறுகிற நாகப்பட்டினம் பக்கம் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதனால் ஒரு மடையில் பாயும் வயல்காரர்கள் சேர்ந்து வைத்து, ஒருவர் குழாயை மற்றவர் பார்த்து, மோட்டார் போடும் நாளைப் பேசி முடிவு செய்தால்தான் இது நிலத்தைக் காப்பாற்றும் கருவியாக ஆகும். மீத்தேனைக் குறைத்ததற்குக் காசு, அதாவது கார்பன் கிரெடிட், தருகிறோம் என்று வருகிறவர்களிடமும் ஒன்று கேளுங்கள்: குழாயைப் படம் பிடித்துப் போவார்களா, பருவம் முழுக்க மட்டத்தைக் குறித்து வைப்பார்களா? குறிக்காத கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாய்க்கால் முறைப்பாசனத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு உதவி குறைவு, முறை வரும்போது தண்ணீரைப் பிடித்தே ஆக வேண்டும். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வடிகால்தான் தேவை, குழாய்க்கு வேலையே இல்லை. குறுவைக்கு, சொந்த போர்வெல் இருப்பவர்களுக்கு, தாராளமாக வைக்கலாம். அறுவடை மெஷின் வருவதற்கு முன்னால் மறக்காமல் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.