கிச்சன் தராசோடு ஒரு வருஷத்துக்கு மேல்: தேங்காயையும் மரச்சீனியையும் விடாமல் எடை குறைத்த அனுபவம்

உடம்பைக் குறைக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் வாக்கிங் ஷூ வாங்குவார்கள், அப்புறம் ஓட்ஸ், அதற்கும் அப்புறம் கிரீன் டீ. நான் வாங்கியது சமையலறையில் வைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு. 5 கிலோ வரை தாங்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சாதாரண மாடல். வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. எட்டு கிலோ போலக் குறைந்திருக்கிறேன். இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டரிலிருந்து 85க்கு வந்திருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது என்கிறார்கள், ஆக இன்னும் பாக்கி இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் டயட் சார்ட் எதுவும் நாகர்கோவில் வீட்டுக்குப் பொருந்தாது. அதில் குயினோவா இருக்கும், புரோக்கோலி இருக்கும். எங்கள் வீட்டில் சம்பா அரிசிச் சோறு, மீன்கறி, அவியல், தீயல், சாயங்காலம் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு. மீனும் பயறும் முருங்கைக்கீரையும் வீட்டு வாசலுக்கே வரும் ஊரில் வெளியே தேடிப் போக வேண்டியது எதுவும் இல்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். எதை எவ்வளவு தின்கிறோம் என்பது மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது.

முதலில் தராசில் ஏறியது தேங்காய். அரைமுறி, அதாவது பாதித் தேங்காய், துருவினால் 120 கிராம் வந்தது. 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி, ஆக அரைமுறியிலேயே 420. காலையில் சட்னிக்கு, மதியம் அவியலுக்கு, மீன்கறிக்கு அரைக்க என்று நாலு பேர் வீட்டில் தினம் ஒரு முழுத்தேங்காய் தீர்ந்துகொண்டிருந்தது. ஆளுக்கு 200 கலோரிக்கு மேல், அதுவும் 'தொட்டுக்க' என்ற கணக்கில்! தேங்காயை விடச் சொன்னால் இந்த ஜில்லாவில் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் விடவில்லை. ஒரு நாளைக்கு அரைமுறி என்று வைத்துக்கொண்டேன். அவியல் வைக்கும் நாளில் மீனுக்குத் தேங்காய் கிடையாது, புளியும் மிளகாயும் போட்டு முடித்துவிடுவேன். சட்னி சில நாள் தக்காளியில்.

எண்ணெயை அளக்க ஒரு வழி இருக்கிறது. பாட்டிலை அப்படியே தராசில் வைத்து, பூஜ்யமாக்கும் பட்டனை அழுத்த வேண்டும். எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தால் மைனஸ் போட்டு எவ்வளவு குறைந்தது என்று காட்டும். ஸ்பூன் கழுவும் வேலை மிச்சம். மீன் பொரிக்கும்போது ஊற்றியதையும் சட்டியில் மிஞ்சியதையும் இப்படிப் பார்த்தால் மீன் குடித்த எண்ணெய் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். எண்ணெய் எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். எங்கள் ஊர்த் தேங்காயெண்ணெய்க்கும் அதில் தள்ளுபடி இல்லை.

சோறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேகவைத்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி என்று போட்டிருக்கும், ஆனால் வேகாத அரிசியில் 100 கிராமுக்கு 350 வரும். இரண்டையும் போட்டுக் குழப்பினால் கணக்கே கவிழ்ந்துவிடும். நான் வடித்த சோற்றையே தட்டில் வைத்து அளந்தேன். வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் அளவு 400 கிராமைத் தாண்டியது. ஒரேயடியாகக் குறைக்காமல் சில வாரங்களில் 200க்குக் கொண்டுவந்தேன். மாமி ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, "சோத்தையும் தூக்கிப் பாத்துத்தான் திங்கணுமா மக்களே?" என்றார்கள். பிறகு தன் தட்டையும் நீட்டினார்கள், அவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை அளவு ரொம்பக் கீழே போகலாம். டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் மாமிக்கு ஆரம்பித்தோம்.

நான் எதிர்பார்க்காதது, இந்தத் தராசு என்னைச் சில விஷயங்களில் அதிகம் தின்ன வைத்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஒரு நாளைக்குக் காய்கறி மட்டும் 400 கிராம் சொல்லியிருக்கிறார்கள். 400 கிராம் காயை நறுக்கித் தராசில் குவித்துப் பாருங்கள், மலைப்பாக இருக்கும். நான் தின்றது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தோரனை (தேங்காய் போட்ட காய்ப் பொரியல்) வெறுமனே தொட்டுக்கொள்வதை விட்டுவிட்டு, தட்டில் பாதி இடத்தை அதற்குக் கொடுத்த பிறகுதான் 200 கிராம் சோற்றில் வயிறு நிறைய ஆரம்பித்தது.

புரதமும் அப்படித்தான். 100 கிராம் சாளையில் (மத்தி மீன்) 20 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும், விலையும் மலிவு. ஆனால் மீனை மட்டும் நம்ப முடியாது. கிழக்குக் கரையில் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடை, மேற்குக் கரையில் குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த மாதங்களில் வள்ளத்துக்காரர்கள் (நாட்டுப்படகுக்காரர்கள்) கொண்டுவருவதுதான், விலையும் ஏறிவிடும். அப்போது எங்களுக்கு முட்டை, கடலை, சிறுபயறு. புட்டும் பயறும் இந்த விஷயத்தில் அருமையான சேர்க்கை, புட்டைக் குறைத்துப் பயறைக் கூட்டினால் போதும்.

மரச்சீனியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அரிசித் தட்டுப்பாட்டுக்கு மாற்றாக 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பிய கிழங்கு, நாம் விட்டுவிடவா முடியும்? 100 கிராமில் 160 கலோரி, ஏறக்குறைய எல்லாமே மாவுச்சத்து, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. அதனால் மதியம் சோறு, சாயங்காலம் கிழங்கு என்று கூட்டாமல், கிழங்கு வேகும் நாளில் ராத்திரிச் சாப்பாடே அதுதான் என்று வைத்தோம். 200 கிராம் கிழங்கு, மேலே நிறைய சாளைக் கறி. வேகவைத்த தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டிவிட வேண்டும்.

ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸுக்கு இரக்கம் காட்ட வழியில்லை. 50 கிராமில் 250 கலோரி. ஏத்தன்பழமாகவே அவித்துத் தின்னலாம். மட்டிப்பழம் சின்னது, ஒன்றோடு நிறுத்த முடிந்தால்.

தராசைப் பற்றிய குறைகள்: அளந்துகொண்டிருக்கும்போதே தானாக அணைந்துவிடுகிறது, வெங்காயம் நறுக்கும் நேரத்துக்குள் கணக்குப் போய்விடும். மிக்ஸி ஓடும் அதே மேடையில் வைத்தால் எண் ஆடும். பெரிய சட்டியை வைத்தால் திரையை மறைக்கிறது. காலியான சட்டிகளின் எடையைக் குறித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன், கறியோடு தூக்கி வைத்துக் கழித்துக்கொள்ளலாம். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கப் பத்து ரூபாய் நாணயம் பத்தை அடுக்குங்கள், 77 கிராம் வர வேண்டும். எங்கள் பக்கம் கடைகளில் வாங்கத் தயங்கும் நாணயத்துக்கு இப்படியாவது ஒரு உபயோகம்.

கல்யாண வீட்டில் அளக்க மாட்டேன். பாயசத்தில் பழமும் பப்படமும் பிசைந்து தின்னும்போது கலோரி பார்ப்பது பாவம். மறுநாள் காலை உடம்பு எடை ஒரு கிலோ கூடியிருக்கும். அதில் பெரும்பகுதி உப்பு பிடித்துவைத்த தண்ணீர், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். தினசரி எண்ணைப் பார்த்து அழாமல் வாரச் சராசரி பாருங்கள். நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வாரம் 150 நிமிடம் என்கிறார்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் மொட்டைமாடியும் கணக்கில் சேரும்.

இப்போது தினமும் அளப்பதில்லை. சில மாதங்களில் கண்ணே பழகிவிட்டது. தேங்காய், எண்ணெய் இரண்டுக்கு மட்டும் எடுக்கிறேன், சோற்றுக்கு எப்போதாவது. பள்ளிக்கூடம் போகும் மகள் ஒரு நாள் தன் தோசையைத் தராசில் வைத்து "இது கூடுதலாம்மா?" என்று கேட்டாள். அன்றைக்கே தராசை மேல்தட்டுக்கு மாற்றினேன். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும், எண்களைப் பார்த்தால் மனம் அதிலேயே சுற்றும் ஆட்கள் இருக்கும் வீட்டிலும் இது கண்ணில் படாமல் இருப்பது நல்லது.

வாங்குவதாக இருந்தால் ஏஏஏ பேட்டரி போடும் மாடலாகப் பாருங்கள். பட்டன் செல் மாடல் வேண்டாம், ராத்திரி எட்டு மணிக்குத் தீர்ந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. புளூடூத், ஆப் எல்லாம் வீண் செலவு, தீயலும் அவியலும் அந்த ஆப்பில் சரியாக இருக்காது.