மொட்டைக் கடிதமா, பெயர் போட்ட புகாரா: விசில் ப்ளோயர் (முறைகேட்டை வெளியே சொல்பவர்) கொள்கைகள் ஓர் ஒப்பீடு

2001 ஆகஸ்டில் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் துணைத் தலைவர்களில் ஒருவரான ஷெரான் வாட்கின்ஸ், கணக்குகளில் பெரிய தில்லுமுல்லு நடக்கிறது என்று தலைவர் கென்னத் லேவுக்கு எழுதினார். முதலில் கையெழுத்துப் போடவில்லை. சில நாள் கழித்து நேரில் போய், எழுதியது நான்தான் என்று சொன்னார். விசாரிக்கும் வேலை யாரிடம் போனது தெரியுமா? சர்ச்சைக்குரிய அதே பேரங்களுக்குச் சட்ட ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் நிறுவனத்திடம். இன்னொரு பக்கம், இவரை வேலையை விட்டு அனுப்பினால் சட்டச் சிக்கல் வருமா என்றும் ஆலோசனை பெறப்பட்டது. டிசம்பர் 2 அன்று என்ரான் திவால் மனு கொடுத்தது.

அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம். உள் தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரிடம், தணிக்கையைத் தள்ளிப்போடும்படி நிதித் தலைவரே சொன்னார். கூப்பர் கேட்கவில்லை. இயக்குநர் குழுவுக்குக் கீழ் இருக்கும் தணிக்கைக் குழுவின் தலைவரிடம் விஷயத்தைக் கொண்டுபோனார். 2002 ஜூன் 25 அன்று 380 கோடி டாலர் கணக்கு மோசடியை நிறுவனமே வெளியே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நிறுவனமும் பிறகு திவாலானது, அது வேறு. ஆனால் உண்மையைப் புதைக்க முடியவில்லை.

இரண்டுமே நிறுவனத்துக்குள் எழுந்த புகார்கள்தான். ஒன்று, புகாரில் மாட்டக்கூடியவர்களுக்கு நெருக்கமான கைக்குப் போனது. மற்றது, அவர்களைத் தாண்டிப் போனது. அதனால் எந்தக் கொள்கையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: புகாரே மேலிடத்தின் மீது வந்தால், அதை யார் பிரிப்பார்கள்?

சரி, எல்லா நிறுவனமும் முதலில் சொல்லும் வழியிலிருந்து தொடங்கலாம். "உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள்." சின்ன விஷயங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இயந்திரத்தின் பாதுகாப்பு மூடி கழன்று கிடக்கிறது, இருப்புக் கணக்கு இடிக்கிறது என்றால் பத்து நிமிடத்தில் முடியும். அந்த மேலதிகாரியே கையெழுத்துப் போட்ட பொய் பில் என்றால், இந்த வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. இதை ஒரே வழியாக வைத்திருக்கும் கொள்கையை நான் கொள்கை என்றே எடுத்துக்கொள்வதில்லை.

பெயரை மறைப்பதும், பெயரைக் காப்பதும்

உண்மையான போட்டி இங்கேதான். பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். மொட்டைக் கடிதத்தில் எழுதியவர் யார் என்று யாருக்குமே தெரியாது. ரகசியப் புகாரில் ஒருவருக்கோ இருவருக்கோ தெரியும், அவர்கள் வெளியே சொல்லக் கூடாது. முன்னதில் உங்களைக் காப்பது நீங்களே. பின்னதில் உங்களைக் காப்பது இன்னொருவரின் வாக்கு.

மொட்டைக் கடிதத்தின் பலவீனம், அது பேசி முடித்தவுடன் ஊமையாகிவிடுவது. "எந்த மாதத்து ரசீது? அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்?" என்று விசாரிப்பவர் திருப்பிக் கேட்க முடியாது. பத்தில் ஒரு விவரம் குறைந்தாலும் கோப்பு மூடப்படும். இன்னொன்று, சின்னப் பிரிவில் மொட்டைக் கடிதம் உண்மையில் மொட்டையாக இருப்பதில்லை. மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விவரத்தை எழுதினால், பெயர் போடாவிட்டாலும் பெயர் போட்ட மாதிரிதான்.

ஆனால் ரகசியம் காப்போம் என்ற வாக்கை நம்பலாமா? 2016-இல் பார்க்லேஸ் வங்கியில் மூத்த அதிகாரி ஒருவரின் நியமனம் பற்றி மொட்டைக் கடிதம் வந்தது. அதை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முயன்றவர் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி ஜெஸ் ஸ்டேலியே. 2018-இல் பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகள் அவருக்கு 6,42,430 பவுண்டு அபராதம் போட்டன. ஆனால் அதற்காகப் பதவி போகவில்லை. பெயரே இல்லாத கடிதத்துக்கு இந்தத் தேடல் என்றால், பெயர் தெரிந்த புகாரின் மேல் எவ்வளவு ஆசை வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே "ரகசியம் காக்கப்படும்" என்ற வரி மட்டும் போதாது. யார் என்று கண்டுபிடிக்க முயல்வதே தண்டனைக்குரிய குற்றம், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், என்று எழுதியிருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இப்போது பரவலாகியிருக்கிறது. பெயர் சொல்லாமல் இணையத்தில் புகாரைப் பதிவு செய்தால் ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். அதை வைத்து உள்ளே நுழைந்து, விசாரிப்பவர் கேட்கும் கேள்விகளுக்குப் பெயர் சொல்லாமலே பதில் சொல்லலாம். மொட்டைக் கடிதத்துக்கு வாய் முளைத்த மாதிரி. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு எச்சரிக்கை: அலுவலகக் கணினியிலிருந்து, அலுவலக வைஃபையில் செய்யாதீர்கள்.

புகார் வாங்கும் இந்த வேலையை நிறுவனமே நடத்துவதா, வெளி நிறுவனத்திடம் விடுவதா என்று நீளமாக விவாதிப்பார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். புகாரை வாங்குபவர் வெளியாளாக இருந்தும், அவர் எழுதும் அறிக்கை நேராக மனிதவளத் துறைத் தலைவரின் மேசைக்குப் போனால் என்ன பயன்? என்ரான், வேர்ல்ட்காம் சரிந்தபின் வந்த அமெரிக்காவின் 2002-ஆம் ஆண்டு சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் இதைச் சரியாகப் பிடித்தது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களில், கணக்கு பற்றி ஊழியர்கள் பெயர் சொல்லாமல் தரும் புகார்களுக்கு வழி செய்யும் பொறுப்பைத் தணிக்கைக் குழுவிடமே கொடுத்தது.

உள்ளே முதலிலா, நேராக வெளியேயா

உள்ளே சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்று சில கொள்கைகள் நிபந்தனை போடுகின்றன. டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளை விவகாரத்தை அங்கே வேலை செய்த ஹோவர்ட் வில்கின்சன் 2013 இறுதியிலேயே உள்ளே சொன்னார். அந்தக் கிளை வழியே சுமார் 20,000 கோடி யூரோ, பெரும்பகுதி சந்தேகத்துக்குரிய பணம், போயிருக்கிறது என்பது 2018-இல்தான் ஊருக்குத் தெரிந்தது. வெளியே போகும் உரிமையைப் பூட்டி வைப்பவர்களுக்குப் பதிலாக இந்த ஒன்று போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டம் உள் வழியை ஊக்குவிக்கிறது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. நேராக அரசு அமைப்பிடம் போகலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள் வழி இருந்தே ஆக வேண்டும். 7 நாளில் புகார் வந்து சேர்ந்ததைத் தெரிவிக்க வேண்டும், 3 மாதத்தில் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்த பகுதி இது: புகார் சொன்னவரை வேலையை விட்டு எடுத்தால், அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்.

அமெரிக்காவின் 2010 டாட்-ஃப்ராங்க் சட்டம் பணத்தை முன்வைக்கிறது. பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசியிடம் தந்த தகவலால் விதிக்கப்படும் அபராதம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், வசூலாகும் தொகையில் 10 முதல் 30 சதவீதம் வெகுமதி. 2023-இல் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 27.9 கோடி டாலர் கிடைத்தது. இதில் ஒரு கண்ணி உண்டு. உள்ளே மட்டும் சொன்னவருக்கு இந்தச் சட்டத்தின் பழிவாங்கல் பாதுகாப்பு கிடையாது என்று 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை போன பலருக்குப் பல ஆண்டுகள் வருமானமே இருக்காது என்பதால் வெகுமதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய அபராதம் வராத முறைகேடுகளைச் சொன்னவருக்கு அது எதுவும் தராது. இரண்டில் ஒன்று என்றால் ஐரோப்பிய முறைதான் சாதாரண ஊழியருக்கு ஏற்றது.

கடைசியாக, கொள்கையில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். "நல்லெண்ணத்துடன் தரப்படும் புகார்" என்று இருந்தால் கவனம். விசாரணை முறைகேட்டை விட்டு உங்கள் மனதை நோண்ட ஆரம்பிக்கும்: பதவி உயர்வு கிடைக்காத கோபமா, பழைய பகையா, போட்டுக்கொடுக்கிறாரா? பிரிட்டன் தன் 1998 சட்டத்தில் இருந்த இந்த நிபந்தனையை 2013-இல் எடுத்துவிட்டது. இப்போது நல்லெண்ணம் இல்லையென்றால் இழப்பீட்டுத் தொகை குறையலாம், பாதுகாப்பு போகாது. "உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும்" என்று எழுதிய கொள்கைதான் உங்கள் பக்கம் நிற்கும். கோபத்தோடு சொன்னாலும் பொய் பில் பொய் பில்தான்.