நூனென் கிராமத்தில் பழைய வீடா, புது வீடா?

நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரை ஒட்டிய நூனென் அமைதியான ஊர். அங்கே 1970-களில் கட்டிய வரிசை வீடு என்றால் வளர்ந்த மரங்களும் பின்தோட்டமும் வாங்கிய நாளிலேயே கிடைக்கும். ஆனால் குடியிருக்க வாங்குபவருக்கு 2% சொத்து மாற்று வரி, நோட்டரி செலவு எல்லாம் தனி. வீட்டுக்கடன் பொதுவாக வீட்டு மதிப்பைத் தாண்டாது. அதனால் இந்த வரியும் செலவும் கைக்காசுதான். அப்புறம், வீடு எவ்வளவு எரிசக்தியை மிச்சப்படுத்தும் என்று காட்டும் தரக்குறியான எரிசக்தி லேபிளைக் கட்டாயம் பாருங்கள். சுவருக்குள் வெப்பக்காப்பு இல்லாத வீட்டில், குளிர்காலத்தில் எரிவாயு பில் எகிறும்.

புது வீட்டுக்கு அந்த மாற்று வரி கிடையாது. மதிப்புக்கூட்டு வரி விலையிலேயே அடக்கம். எரிவாயு இணைப்பும் இல்லை, வீட்டைச் சூடாக்க பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப்தான். ஆனால் தோட்டம் வெறும் மண், உள்ளே வெறும் சிமெண்ட் தரை என்றுதான் பல இடங்களில் சாவியைக் கொடுப்பார்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால், நல்ல லேபிள் உள்ள பழைய வீட்டுக்கே என் ஓட்டு.