ஃபைல்செக்குடன் ஆறு ஆண்டுகள்: கம்பைலரின் அசெம்பிளி வெளியீட்டைச் சோதித்த அனுபவம்

எல்எல்விஎம் என்ற திறமூலக் கம்பைலர் கட்டமைப்பை அடிப்படையாகக் கொண்ட ஒரு கம்பைலரை, அதாவது நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளைப் பராமரிக்கும் சிறிய குழுவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-வி ஆகிய மூன்று வகைச் செயலிகளுக்கும் எங்கள் கம்பைலர் கட்டளைகளை உருவாக்குகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும், உருவாகும் அசெம்பிளி (அந்தக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) எதிர்பார்த்தபடிதான் இருக்கிறதா என்று தானாகச் சரிபார்த்துத் தருவது ஃபைல்செக் என்ற கருவி. எந்த வரிக்கு என்ன பொருள் என்பதை அதன் கையேடு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த வரிகளை நம்பி நாம் எங்கெல்லாம் ஏமாறலாம் என்பது பல ஆண்டுகள் புழங்கிய பிறகுதான் பிடிபட்டது என்பதால் இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

ஃபைல்செக் 2009இல் எல்எல்விஎம் திட்டத்துக்குள் வந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான சோதனைகள் கம்பைலரின் வெளியீட்டை கிரெப் என்ற சொல் தேடும் கருவியிடம் அனுப்பி, குறிப்பிட்ட சொல் எங்காவது இருக்கிறதா என்று மட்டுமே கேட்டன. முதல் செயற்கூறில் (ஃபங்ஷனில்) கழித்தல் கட்டளை வர வேண்டும் என்று எண்ணி எழுதிய சோதனை, அந்தக் கட்டளை மூன்றாவது செயற்கூறில் வந்தாலும் வெற்றி என்றே சொல்லிவிடும். ஃபைல்செக் இதற்கு ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. சோதனைக் கோப்பிலேயே கமென்ட்டுகளாக எழுதப்பட்ட செக் வரிகளை அது மேலிருந்து கீழாக எடுத்துக்கொண்டு, முந்தைய பொருத்தம் முடிந்த இடத்திலிருந்து அடுத்ததைத் தேடுகிறது. செக்-நெக்ஸ்ட் என்றால் பொருத்தம் அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும். செக்-நாட் என்றால் இரண்டு பொருத்தங்களுக்கு இடையில் அந்த எழுத்துகள் வரவே கூடாது. செக்-லேபிள் முழு வெளியீட்டையும் செயற்கூறு வாரியாகப் பிரித்துவிடும். லிட் என்ற இன்னொரு கருவி கோப்பின் தலையில் இருக்கும் ரன் வரியைப் படித்து, கம்பைலரையும் ஃபைல்செக்கையும் அடுத்தடுத்து ஓட்டுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். இந்த எளிமைதான் அதன் பெரிய பலம் என்று இன்றும் நினைக்கிறேன்.

முதல் ஆண்டில் நான் எழுதிய ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குறியற்ற 32 பிட் எண் ஒன்றைப் 10ஆல் வகுக்கும் சிறிய செயற்கூறு அது. செயலியின் வகுத்தல் கட்டளை மெதுவானது என்பதால் கம்பைலர் அதைத் தவிர்த்து, எண்ணை 3435973837ஆல் பெருக்கி, கிடைக்கும் 64 பிட் விடையை 35 இடங்கள் வலப்பக்கம் நகர்த்திவிடும். 2இன் 35ஆம் அடுக்கைப் 10ஆல் வகுத்து, அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தினால் அந்தப் பெரிய எண் கிடைக்கும். வகுத்தல் கட்டளை எட்டிப்பார்க்கவே கூடாது என்பதைத்தான் நான் உறுதிசெய்ய விரும்பினேன். செயற்கூறுக்கு ‘டிவ்10’ என்று பெயரிட்டு, அந்தப் பெயரைத் தாங்கும் லேபிள் வரிக்குக் கீழே ‘டிவ்’ என்ற எழுத்துகள் வரக் கூடாது என்று ஒரு செக்-நாட் வரியைச் சேர்த்தேன். கம்பைலர் பெருக்கலும் நகர்த்தலுமாகச் சரியான கட்டளைகளையே தந்தது. ஆனாலும் சோதனை தோற்றது.

காரணம் அதே லேபிள் வரியில் இருந்தது. எக்ஸ்86 வெளியீட்டில் கம்பைலர் ‘டிவ்10’ என்ற லேபிளை அச்சிட்டுவிட்டு, அதே வரியின் வலக்கோடியில் செயற்கூறின் பெயரை ஒரு கமென்ட்டாக மறுபடியும் எழுதுகிறது. லேபிள் பொருந்தி முடிந்த இடத்திலேயே செக்-நாட்டின் எல்லை தொடங்கிவிடுவதால், அந்தக் கமென்ட்டில் இருந்த ‘டிவ்’ சிக்கிக்கொண்டது. அன்று அவசரத்தில், தடைசெய்யும் சொல்லை 32 பிட் வகுத்தல் கட்டளையின் முழுப் பெயராகிய ‘டிவ்எல்’ என்று குறுக்கி, சோதனை பச்சை காட்டியதும் நகர்ந்துவிட்டேன். அது தவறு. எண்ணை 64 பிட்டுக்கு விரித்து ‘டிவ்கியூ’ கட்டளையைக் கம்பைலர் தந்திருந்தால் என் சோதனை வாய் திறந்திருக்காது. சில மாதங்கள் கழித்து ஒரு மூத்த சக பணியாளர் அதைப் பார்த்து, மாற்ற வேண்டியது சொல்லை அன்று, செயற்கூறின் பெயரை என்றார். பெயரை மாற்றி, ‘டிவ்’ என்ற அகலமான தடையைத் திரும்பவும் வைத்து, இறுதியில் திரும்பிச்செல்லும் ‘ரெட்’ கட்டளைக்கு ஒரு செக் வரியையும் சேர்த்தேன். இந்த வரி முக்கியமானது. ஒரு செக்-நாட்டுக்கு முன்னும் பின்னும் வேலி இல்லாவிட்டால், அது செயற்கூறைத் தாண்டி, அளவைக் குறிக்கும் வரி போன்ற, நாம் நினைத்தும் பார்க்காத இடங்களிலெல்லாம் மேயும். இதே காரணத்தால்தான் கோப்பின் பெயர் வெளியீட்டுக்குள் ஏறிவிடாமல் இருக்க, எல்எல்விஎம்மில் அசெம்பிளியை உருவாக்கும் நிரலான எல்எல்சிக்குக் கோப்பைப் பெயரால் கொடுக்காமல் ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாகக் கொடுக்கும் வழக்கத்தையும் கடைப்பிடிக்கிறோம்.

பொய்யாகத் தோற்கும் சோதனை தொல்லைதான் என்றாலும் அது நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறது. பொய்யாக வெல்லும் சோதனையால் நாங்கள் பட்ட பாடு வேறு. இரண்டு எண்களைப் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டும் கணக்கை ரிஸ்க்-வி செயலி ‘எஃப்மேட்’ என்ற ஒரே கட்டளையில் முடித்துவிடும். தனித்தனியாகச் செய்தால் பெருக்கலுக்குப் பின் ஒரு முறையும் கூட்டலுக்குப் பின் ஒரு முறையும் விடை, இருக்கும் பிட்டுகளுக்குள் அடங்கும்படி முழுமையாக்கப்படும்; இணைத்துச் செய்தால் ஒரே முறைதான். ஆகவே விடையின் கடைசி பிட் மாறலாம். பயனர் அனுமதிக்காதபோது இப்படி இணைக்கக் கூடாது என்பதற்காக எங்களிடம் ஒரு சோதனை இருந்தது. எல்எல்விஎம்மின் புதிய பதிப்புக்கு மாறியபோது எங்கள் சொந்த மாற்றம் ஒன்று அதனுடன் மோதி, அனுமதி இல்லாத இடத்திலும் கட்டளைகள் இணையத் தொடங்கின. சோதனைகள் அனைத்தும் பச்சையாகவே இருந்தன. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கடைசி இலக்கத்தில் வேறுபட்ட விடைகளைத் தருகின்றன என்று பயனர் ஒருவர் எழுதிய பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது.

எந்த மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று பாதி பாதியாகப் பிரித்துத் தேடியே இரண்டு நாட்கள் போயின. கடைசியில் அந்தச் சோதனைக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தபோது, செக்-நாட் என்பதன் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் இடம்மாறி இருந்ததைக் கண்டேன். அப்படி ஓர் ஆணை ஃபைல்செக்குக்குத் தெரியாது. தெரியாத சொல்லைப் பிழை என்று கொள்ளாமல் சாதாரணக் கமென்ட்டாகவே எடுத்துக்கொண்டு அது கடந்துவிட்டது. அந்த வரியை எழுதியவன் நான். அதைப் பரிசீலித்தவர்களும் கவனிக்கவில்லை. எழுதிய நாளிலிருந்து அந்தச் சோதனை எதையும் சோதித்ததே இல்லை என்பது என்னை உண்மையிலேயே உலுக்கியது. பிந்தைய பதிப்புகளில் ஹைஃபனுக்குப் பதில் அடிக்கோடு போட்டுவிட்டால் ஃபைல்செக் பிழை காட்டுகிறது. ரன் வரியில் கொடுத்த முன்னொட்டு, அதாவது வரிகளின் தொடக்கத்தில் செக் என்பதற்குப் பதில் வைக்கும் பெயர், கோப்பில் எங்குமே பயன்படாவிட்டாலும் பிழை என்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆயினும் எழுத்து இடம்மாறிய என் பிழையைப் போன்றவை இன்றும் நழுவிவிடக்கூடியவை.

அதன் பிறகு குழுவில் இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். எந்தப் புதிய சோதனையையும் சேர்ப்பதற்கு முன், கம்பைலரில் அது காக்கும் இடத்தை வேண்டுமென்றே உடைத்து, சோதனை தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்று. ஒரு கட்டளை வரக் கூடாது என்று எழுதுவதைவிட, அதன் இடத்தில் என்ன வர வேண்டும் என்று எழுதுவது மற்றொன்று. மேற்சொன்ன சோதனை இப்போது, பெருக்கல் வர வேண்டும், அடுத்த வரியிலேயே கூட்டல் வர வேண்டும், அதற்கு அடுத்த வரியில் ‘ரெட்’ வர வேண்டும் என்று மூன்று வரிகளில் நிற்கிறது. ரிஸ்க்-வியில் இணைந்த கட்டளை ‘எஃப்மேட்’ மட்டுமில்லை. கழிப்பதற்கும் குறியை மாற்றுவதற்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. பழைய செக்-நாட் சரியாக எழுதப்பட்டிருந்தாலும் அவற்றைத் தவறவிட்டிருக்கும்.

செயலிக்குள் எண்களைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களான ரெஜிஸ்டர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த ரெஜிஸ்டரில் விடை வருகிறது என்பது பல நேரங்களில் நமக்குப் பொருட்டில்லை. ஒரு கட்டளை எழுதியதைத்தான் அடுத்த கட்டளை படிக்கிறதா என்பதே கேள்வி. இதற்கு ஃபைல்செக்கில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரும் ரெஜெக்ஸும் (எந்த வகை எழுத்துகள் பொருந்தலாம் என்று விவரிக்கும் கோவை) எழுதி, பொருந்திய எழுத்துகளை ஒரு மாறியில் பிடித்துவைத்துப் பின்னால் பயன்படுத்தலாம். 64 பிட் ஆர்மில் ஒரே ரெஜிஸ்டரின் 32 பிட் பாதி ‘டபிள்யூ8’ என்றும் முழுமை ‘எக்ஸ்8’ என்றும் வருவதால், எழுத்தை வெளியே விட்டு எண்ணை மட்டும் பிடிப்பதே வசதி. ஆனால் பிடித்த எண் 1 ஆக இருந்தால், பின்னால் வரும் ‘எக்ஸ்10’இன் முதல் பகுதியோடும் அது பொருந்திவிடும், முழுச் சொல் பொருத்தம் தானாக நடப்பதில்லை. மாறிக்குப் பின் காற்புள்ளியையோ வரி முடிவையோ சேர்த்து எழுதாத சோதனைகளை நான் இப்போது பரிசீலனையில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

செக் வரிகளைக் கையால் எழுதாமல், கம்பைலர் இப்போது தரும் வெளியீட்டிலிருந்தே உருவாக்கித் தரும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று எல்எல்விஎம்முடன் வருகிறது. முதலில் இதை நான் கடுமையாக எதிர்த்தேன். கம்பைலர் சொன்னதையே விடைத்தாளாக வைத்துக் கம்பைலரைத் திருத்துவது எப்படிச் சோதனையாகும் என்பது என் கேள்வி. பின்னர் என் எண்ணம் ஓரளவு மாறியது. மாற்றத்தைச் செய்வதற்கு முன் பழைய வெளியீட்டோடு சோதனையைத் தனியாகச் சேர்த்துவிட்டு, மாற்றத்துக்குப் பின் ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டினால், எந்தச் செயற்கூறில் எந்தக் கட்டளை போய் எது வந்தது என்பது பரிசீலிப்பவரின் கண்முன் வரிவரியாக விரிகிறது. எல்எல்விஎம் திட்டத்திலும் இதுவே பரவலான நடைமுறை. கையால் எழுதிய நான்கு வரிகளில் நாம் கவனிக்காமல் விட்ட தேவையற்ற நகல் கட்டளைகூட இதில் அகப்படுகிறது. ஆனால் கட்டளைகளின் வரிசையைத் தீர்மானிக்கும் பகுதியில் ஒரு சிறு மாற்றம் செய்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒரே நேரத்தில் மாறும். அப்போது யாரும் முழுமையாகப் படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. ஆகவே உண்மையான பிழை ஒன்றைத் திருத்திய பிறகு அது திரும்ப வரக் கூடாது என்பதற்கான சோதனையைக் கையாலேயே எழுதுகிறோம். மற்றவற்றை ஸ்கிரிப்ட்டிடம் விடுகிறோம்.

ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் வேலை பார்க்க நேர்ந்த சில மாதங்களில் அதன் முறையையும் பயன்படுத்தினேன். டெஜாக்னூ என்ற சோதனைக் கட்டமைப்பின் மேல் அமைந்த ஸ்கேன்-அசெம்பிளர் ஆணைகள் இயல்பாக முழு வெளியீட்டையும் ஒரே பரப்பாகவே தேடுகின்றன. ஒரு கட்டளை எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது அவற்றில் மிக எளிது, வரிசையைச் சொல்வது கடினம். ஜிசிசி 10இலிருந்து செயற்கூறின் உடல் முழுவதையும் ஒப்பிடும் வசதி வந்த பிறகு இந்தக் குறை பெரிதும் நீங்கியிருக்கிறது.

தோல்வி நேரும்போது ஃபைல்செக் வெளியீட்டை அச்சிட்டு, எந்த வரி பொருந்தியது, எங்கிருந்து தேடத் தொடங்கித் தோற்றது என்று ஓரத்தில் குறித்துக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வசதி. பழைய நாட்களில், இதைத்தான் நினைத்தீர்களோ என்று ஒரே ஒரு வரியை மட்டும் காட்டும். அது பெரும்பாலும் தொடர்பற்ற வரியாக இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், இந்தச் சோதனைகள் எழுத்துகளைத்தான் ஒப்பிடுகின்றன. 10ஆல் வகுக்கும் செயற்கூறில் நகர்த்தல் 35 இடமா 34 இடமா என்பதை, சோதனையில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டு அது சொல்லும். எழுதிய எண்ணே தவறென்றால் தவறையே காத்து நிற்கும். அதனால் அந்தச் செயற்கூறுக்கு 0, 9, 10 ஆகியவற்றோடு 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 4294967295ஐயும் கொடுத்து, விடையைச் சரிபார்க்கும் ஒரு சிறு நிரலையும் மூன்று செயலிகளிலும் இரவுதோறும் ஓட்டுகிறோம்.