தோல் தொங்காமல் தடுப்போம் என்று 64,800 ரூபாய் வாங்கினார்கள்: எடை குறைப்பவர்கள் கவனத்துக்கு

எடை குறையும்போதே தோல் தொங்காமல் இறுக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு கிளினிக்கில் என்னிடம் 64,800 ரூபாய் வாங்கினார்கள். நேற்று மாலை "ரீஃபண்ட் எல்லாம் கிடையாது மேடம்" என்று முடிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஊர் திருச்சி. எடை, சருமம், முடி மூன்றுக்கும் சிகிச்சை என்று போர்டு வைத்து, வாசலில் கண்ணாடிக் கதவும் உள்ளே ரோஸ் கலர் சோபாவும் போட்டிருக்கும் வகை கிளினிக். இப்போது கொஞ்சம் பெரிய ஊர் எல்லாவற்றிலும் இந்த மாதிரி இடம் வந்துவிட்டது.

எனக்கு வயது 38. இரண்டு குழந்தைகளும் சிசேரியன். 98 கிலோ இருந்தேன். ராத்திரி சாதத்தை நிறுத்தி, காலையில் நடந்து, மெதுவாக 84-க்குக் கொண்டுவந்தேன். முகம் மெலிந்தது, மூட்டுவலி குறைந்தது. ஆனால் அடிவயிற்றில் தையல் போட்ட இடத்துக்கு மேலே தோல் மட்டும் மடிந்து தொங்க ஆரம்பித்தது. உள்பாவாடை நாடா சரியாக அந்த மடிப்பில்தான் உட்காரும். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று பாடம் எடுத்துவிட்டு வந்து அவிழ்த்தால், அந்த இடம் சிவந்து, வேர்வையில் ஊறி, எரியும். பவுடர் போட்டுப் போட்டு சமாளித்துக்கொண்டிருந்தேன். இன்னும் 15 கிலோ குறைத்தால் இது எப்படி ஆகும் என்ற பயத்தில்தான் அங்கே போனேன்.

அவர்கள் என்னை எந்த இடத்தில் பிடித்தார்கள் என்பதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களையும் அங்கேதான் பிடிப்பார்கள். வெள்ளை கோட்டு போட்ட ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டு, மடிப்பை விரலால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். "இங்க புண்ணு வருதா அக்கா? நாடா கட்டுற இடம்ல?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் அதை யாருமே கேட்டதில்லை. வீட்டில்கூட நான் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். அப்புறம் நீலப் பேனாவால் வயிற்றில் கோடு போட்டு, "இப்பவே ஆரம்பிச்சா இதுக்கு மேல தொங்கவே தொங்காது. எடை இறங்க இறங்க மெஷின் தோலை இழுத்துக்கும். 80 பர்சென்ட் கேரண்டி" என்றார். அவர் டாக்டர் என்றுதான் அங்கே எல்லாரும் கூப்பிட்டார்கள். எந்தப் படிப்பு, பதிவு எண் என்ன என்று சுவரிலும் இல்லை, சீட்டிலும் இல்லை.

பேக்கேஜ் 64,800 ரூபாய். எனக்கு அது மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். முடியாது என்று எழுந்தேன். "முழுசா கட்ட வேண்டாம் மேடம், 4,800 மட்டும் இப்ப போடுங்க. மிச்சம் மாசம் 5,000, வட்டியே இல்ல. உங்களுக்கு வருதான்னு செக் மட்டும் பண்றேன், ஓடிபி சொல்லுங்க" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். அந்த ஓடிபி செக் பண்ண இல்லை. என் பெயரில் 60,000 ரூபாய் கடன் அப்போதே போடப்பட்டு, பணம் கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது. நிதி நிறுவனத்தின் மெசேஜ் ராத்திரி வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. சிகிச்சையை நிறுத்தினாலும் தவணை நிற்காது என்று அந்தக் கவுண்ட்டர்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்கு அடுத்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. தோல் தொங்காமல் இருக்கத்தான் போனேன். அவர்கள் கையில் கொடுத்தது ஒரு நாளைக்கு 800 கலோரி டயட் சீட்டு. ரெண்டு வேளை அவர்களே விற்கும் ஷேக், ஒரு வேளை சூப்பும் வெள்ளரியும். "சீக்கிரம் இறங்கினாத்தான் மெஷின் நல்லா வேலை செய்யும்" என்றார்கள். எடை சரசரவென்று இறங்கியது, கூடவே தோலும் இன்னும் தளர்ந்து இறங்கியது. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது. இரண்டு மூன்று மாதத்தில் தலை சீவினால் சீப்பு நிறைய முடி.

மெஷினில் என்ன செய்தார்கள் என்றால், ஜெல் தடவி ஒரு கைப்பிடியை வயிற்றில் வட்டமாக ஓட்டினார்கள். சூடாக இருக்கும், வெளியே வரும்போது தோல் சற்று சிவந்து உப்பி இறுக்கமாகத் தெரியும். மறுநாள் பழையபடி ஆகிவிடும். டேப் வைத்து அளந்து காட்டுவார்கள். முதல் அளவு சரியாகத் தொப்புள் இருக்கும் இடத்தில், டேப்பைத் தளர்வாகப் பிடித்து எடுத்தார்கள். அடுத்தடுத்த அளவுகள் தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே, டேப் தோலில் பதிய இழுத்து. நான் கவனித்துக் கேட்டதும், "மூச்சை இழுத்துக்கிட்டு நின்னுட்டீங்க மேடம், அதான் மாறுது" என்றார் அந்தப் பெண். போட்டோவும் அப்படித்தான். முதல் படத்தில் தலைக்கு மேல் விளக்கு, மடிப்பின் நிழல் கருப்பாக விழுந்திருக்கிறது. பின்னால் எடுத்ததில் முன்னால் விளக்கு, கை இடுப்பில், முதுகு நிமிர்ந்து.

குறை சொல்லப் போனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில். கொலாஜன் (தோலை இழுத்துப் பிடிக்கும் இழை) உண்டாக மூன்று மாதம் ஆகும், பொறுங்கள். மூன்று மாதம் முடிந்ததும், தண்ணீர் போதவில்லை. அப்புறம், "கொலாஜன் பவுடர் எடுத்தீங்களா? அது பேக்கேஜ்ல வராது, தனியா வாங்கணும்." பிறகு வெள்ளை கோட்டுக்காரர் வேறு கிளைக்கு மாறிவிட்டார். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். ஹெட் ஆபீசுக்கு மெயில் போட்டிருக்கிறோம். வாட்ஸப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேற்று என் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மேனேஜர் வந்தார். பணம் திரும்பாதாம், ஆனால் மிச்சமுள்ள சிட்டிங்கை முடி உதிர்வுக்கான சிகிச்சையாக மாற்றிக்கொள்ளலாமாம். அவர்கள் கொடுத்த டயட்டில் கொட்டிய முடிக்கு, என் 64,800 ரூபாயிலேயே சிகிச்சை! தம்பி எழுந்து கத்தியே விட்டான்.

இடையில் அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் காட்டினேன். ஓபி சீட்டு போட்டு வரிசையில் நின்றுதான் பார்த்தேன். அந்த டாக்டர் பத்து நிமிஷத்தில் சொன்னதை அந்த கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை. தோலுக்குள் கொலாஜன், எலாஸ்டின் என்ற இழைகள்தான் அதை இழுத்துப் பிடிக்கின்றன. வருஷக்கணக்கில் விரிந்திருந்தால், கர்ப்பத்திலும் விரிந்திருந்தால், அவை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. எவ்வளவு எடை, எத்தனை வருஷம், என்ன வயது, பரம்பரை, சிகரெட், வெயில் எல்லாம் சேர்ந்துதான் எவ்வளவு தொங்கும் என்பதைத் தீர்மானிக்கும். சூடு வைக்கும் கருவிகள் லேசான தளர்ச்சிக்குக் கொஞ்சம் உதவலாம், இப்படி மடிந்து தொங்குவதை ஏற்றாது. அதிலும் எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது அதைச் செய்து என்ன பயன் என்று அவரே கேட்டார். பட்டினி மாதிரி டயட்டில் கொழுப்போடு தசையும் கரையும், தோலுக்கு அடியில் தாங்க எதுவும் இல்லாமல் போகும் என்றார். கிரீமில் போடும் கொலாஜன் தோலைத் தாண்டி உள்ளே போகவே போகாதாம், அதன் மூலக்கூறு அவ்வளவு பெரியது. நிறைய தொங்கினால் அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் எடை ஆறு மாதமாவது ஒரே நிலையில் நின்ற பிறகு. மடிப்பில் வந்த புண்ணுக்கு அன்றே களிம்பு எழுதிக் கொடுத்தார். அது ஆறிவிட்டது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக:

வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் குறைந்தால் போதும். அதைவிட வேகமாக இறக்குகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். நடையோடு நிறுத்தாமல் எடை தூக்குங்கள், தண்டால், உட்கார்ந்து எழுவது ஏதாவது செய்யுங்கள். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், தயிர் என்று புரதத்தைக் கூட்டுங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லும் அளவே ஒரு நாளைக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம், எடை குறைப்பவர்களுக்கு அதைவிடக் கூடவே வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதையெல்லாம் செய்தாலும் கொஞ்சம் தொங்கலாம். தொங்கவே தொங்காது என்று கேரண்டி கொடுப்பவர் பொய் சொல்கிறார்.

கவுண்ட்டரில் யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள். கடன் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே கடன் பத்திரத்தை எடுத்து, ரத்து செய்யும் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். டிஜிட்டல் கடனுக்கு அப்படி ஒரு கெடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எனக்கு அது கெடு தாண்டித்தான் தெரிந்தது. பில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்று காலை பதிந்துவிட்டேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமலே நாமே போடலாம். 64,800 ரூபாயையும் கேட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். 5-ஆம் தேதி அடுத்த தவணை போகும்.

இதே மாதிரி இடத்தில் மாட்டியவர்கள் திருச்சியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனு போடலாம். பில், கடன் பத்திரம், அந்த 800 கலோரி சீட்டு மூன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.